திரை மௌனித்த ஆண்டுகள்: ‘டொக்டர் ஹூ’ ஒலிநாடகங்கள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

கதையொன்று முடிந்த பின்னரும் அதனைத் தொடர்ந்து சொல்ல வேண்டும் என்னும் வேட்கை தமிழிலக்கிய மரபுக்குப் புதியதன்று. கம்பன் யுத்த காண்டத்துடன் நிறுத்திய இராமகதைக்குப் பின்னர் உத்தர காண்டம் வந்து சேர்ந்தது; மரபு அதனை ஒட்டக்கூத்தர் பெயரோடு இணைத்து வைத்துள்ளது. வில்லிபுத்தூரார் பாடாது விட்ட பாரதப் பகுதிகளை நல்லாப்பிள்ளை பாடிச் சேர்த்தார். இத்தகைய தொடர்ச்சிகளை மூலத்தின் உறுப்பாகக் கொள்வதா, அன்றி அயலாக வைப்பதா என்னும் வினா நெடுங்காலமாகவே இருந்து வந்துள்ளது. இருபதாம் நூற்றாண்டின் இறுதியிற் பிரித்தானியாவில், முற்றிலும் வேறானதொரு சாதனத்தில், இதே வினா மீண்டும் எழுந்தது. 1989ஆம் ஆண்டில் திரையினின்றும் மறைந்த ‘டொக்டர் ஹூ’ என்னும் விஞ்ஞானப் புனைகதைத் தொலைக்காட்சித் தொடர், 1999ஆம் ஆண்டு முதல் இறுவட்டுகளிற் பதிவு செய்யப்பட்ட ஒலிநாடகங்களாகத் தொடர்ந்தது. அந்நாடகங்கள் தோன்றிய சூழலையும், அவை மூலத் தொடர் மீது செலுத்திய செல்வாக்கையும், அவற்றின் குறைபாடுகளையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மூலத் தொடரைப் பற்றிச் சில கூறுதல் அவசியம். 1963ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் திகதி பி.பி.சி. தொலைக்காட்சியில் அது ஆரம்பமாயிற்று. கனடாவிலிருந்து வந்து பி.பி.சி.யின் நாடகப் பிரிவுக்குத் தலைமை தாங்கிய சிட்னி நியூமன் அதற்கு வித்திட்டவர்களுள் முதன்மையானவர். தயாரிப்பாளரான வெறிற்றி லாம்பேட் அப்பொழுது முப்பது வயதை எட்டாத பெண்; முதற் கதையை நெறிப்படுத்திய வாரிஸ் ஹுசைன் இந்தியாவிற் பிறந்த இளைஞர். புறத்தே பொலிஸ் தொலைபேசிக் கூண்டாகவும் அகத்தே பரந்த மண்டபமாகவும் அமைந்த ஊர்தியொன்றிற் காலத்தையும் வெளியையும் கடந்து செல்லும் ஒரு முதியவரே கதைத்தலைவர். ‘டொக்டர்’ என்பதன்றி அவருக்கு வேறு பெயர் வழங்கப்படவில்லை. 1966ஆம் ஆண்டில் அவ்வேடந்தாங்கிய வில்லியம் ஹார்ட்னெல் உடல்நலங் குன்றி விலக நேர்ந்தபோது தயாரிப்பாளர் ஓர் உத்தியைக் கண்டனர்: டொக்டர் மரணத் தறுவாயிற் புதிய உடலும் புதிய இயல்பும் பெறுவார். இவ்வுத்தியினாலேயே தொடர் ஏழு நடிகர்களைக் கண்டு இருபத்தாறு பருவங்கள் நிலைத்தது. முகம் மாறினும் மனிதர் ஒருவரே என்னும் இவ்விதி பின்னர் ஒலிநாடகங்களுக்கும் பேருதவியாயிற்று. முன்னைய டொக்டர் ஒருவரின் காலத்துக்குட் புகுந்து, அங்கே சொல்லப்படாது விடுபட்ட கதையொன்றைச் சொல்லுதற்கு அது வழி திறந்து வைத்தது.

இத்தொடரின் உயிர் தொடக்கம் முதலே ஒலியிற் பெரிதும் தங்கியிருந்தது எனின் அது மிகையன்று. ஒதுக்கப்பட்ட பணம் சொற்பம். காட்சியமைப்புகளோ பல வேளைகளில் நகைப்புக்கிடமானவை. கண் நம்ப மறுத்ததைச் செவி நம்பச் செய்தது. றொன் கிறெய்னர் அமைத்த முகப்பிசையை, பி.பி.சி.யின் ஒலி ஆய்வுக்கூடத்தில் டெலியா டேர்பிஷயர் ஒலிநாடாத் துண்டுகளை வெட்டி ஒட்டி, இசைக்கருவியெதுவும் இதுவென அடையாளங் காணவியலாத வடிவில் உருவாக்கினார். ஊர்தி புறப்படும் ஓசையானது பிறையன் ஹொட்ஜ்சன் பழைய பியானோ ஒன்றின் கம்பிகளில் வீட்டுத் திறப்பினால் உரசிப் பெற்றதாகும். டாலெக்குகள் எனப்படும் பகைவரின் கொடூரக் குரல் மின்கருவியொன்றினூடாக நடிகர் குரலைச் செலுத்திப் பெறப்பட்டது. இம்மூன்றையும் கண்ணை மூடியிருந்து கேட்டாலும் பிரித்தானியச் சிறுவர் எவரும் தொடரை இனங்கண்டு கொள்வர்.

ஒலிக்கும் இத்தொடருக்குமிடையிலான உறவை மேலும் இறுக்கியது ஓர் இழப்பாகும். 1967ஆம் ஆண்டுக்கும் 1978ஆம் ஆண்டுக்குமிடையில் பி.பி.சி. நிறுவனம் தன் பழைய நிகழ்ச்சிகள் பலவற்றை அழித்தது. ஒளிநாடா விலையுயர்ந்தது, ஒரு முறை காட்டிய நாடகத்தை மீளக் காட்டுதற்கு நடிகர் சங்கங்களுடனான ஒப்பந்தங்கள் தடையாக நின்றன, வீடுகளில் நிகழ்ச்சிகளை வாங்கிப் பார்க்குங் காலமொன்று வருமென எவரும் எண்ணவில்லை. இதன் விளைவாக ‘டொக்டர் ஹூ’வின் முதல் ஆறு பருவங்களில் தொண்ணூறுக்கு மேற்பட்ட பகுதிகள் காட்சியாக இன்று கிடைப்பதில்லை. எனினும் அவையனைத்தும் ஒலியாக எஞ்சியுள்ளன. ஒளிப்பதிவுக் கருவி வீடுகளுக்கு வராத அந்நாளில், தொலைக்காட்சிப் பெட்டியின் முன் ஒலிவாங்கியை வைத்தும், பெட்டியின் மின்சுற்றிலே நேரடியாகக் கம்பியிணைத்தும் இளைஞர் சிலர் தத்தம் வீடுகளில் அவற்றை ஒலிநாடாவிற் பதிந்து வைத்திருந்தனர். அரச சாசனம் பெற்ற பெருநிறுவனம் கைவிட்டதைப் பள்ளிச் சிறுவர் பேணினர். 1990களில் பி.பி.சி.யே இப்பதிவுகளைத் துலக்கி, காட்சிகளை விளக்கும் உரையுஞ் சேர்த்து விற்பனை செய்தது. இரசிகர் என்போர் வெறும் நுகர்வோர் என்னுங் கருத்து இத்தொடரைப் பொறுத்தவரை ஆரம்பத்திலேயே பொருந்தாது போயிற்று. பின்வந்த ஒலிநாடக இயக்கத்தின் வேர் இவ் வீட்டு ஒலிநாடாக்களிலேயே உண்டெனக் கொள்ளலாம்.

டொக்டர் ஒலிவடிவில் மட்டும் தோன்றிய முயற்சிகள் முன்னரும் இல்லாமலில்லை. 1976ஆம் ஆண்டில் ரொம் பேக்கர், எலிசபெத் சிலேடன் ஆகியோரின் குரலில் ‘டொக்டர் ஹூவும் பெஸ்கட்டன்களும்’ என்னும் இசைத்தட்டு வெளியாயிற்று. 1985ஆம் ஆண்டில் தொலைக்காட்சித் தொடர் பதினெட்டு மாதங்கள் நிறுத்தி வைக்கப்பட்ட வேளையில், அன்றைய டொக்டரான கொலின் பேக்கர் நடித்த ‘சிலிப்பக்’ என்னும் சிறு தொடர் பி.பி.சி. நான்காவது வானொலியில் ஒலிபரப்பாயிற்று. 1993ஆம் ஆண்டிலும் 1996ஆம் ஆண்டிலும் ஜோன் பெற்வீ வானொலியில் மீண்டும் டொக்டரானார். இவை யாவும் அவ்வப்போது தோன்றி மறைந்தவை; தொடர்ச்சியான இயக்கமாக வளரவில்லை.

இயக்கத்தின் உண்மையான முன்னோடி வேறிடத்தில் இருந்தது. 1980களின் நடுப்பகுதியில் இளைஞர் சிலர் கூடி, எவ்வித உரிமமும் பெறாது, இலாபநோக்கமுமின்றி, தாமே எழுதி நடித்த ‘டொக்டர் ஹூ’ நாடகங்களை ஒலிநாடாப் பேழைகளிற் பதிந்து இரசிகர்களிடையே பரப்பத் தொடங்கினர். ‘ஓடியோ விசுவல்ஸ்’ என்பது அக்குழுவின் பெயர். 1991ஆம் ஆண்டு வரை அது இயங்கிற்று. பில் பக்ஸ், கரி ரசல், நிக்கொலஸ் பிறிக்ஸ் ஆகியோர் அதன் தூண்கள். பெரும்பாலான நாடகங்களிற் பிறிக்ஸே டொக்டராக நடித்தார். பின்னர் உரிமம் பெற்ற நிறுவனத்தை நிறுவிய ஜேசன் ஹெய்க்-எலரியும் இக்கூட்டத்தவரே. நடிப்பும் எழுத்தும் ஏற்றத்தாழ்வுடையனவாயினும், ஒலியால் ஓர் உலகைக் கட்டியெழுப்பும் தொழிலை இவர்கள் இங்குதான் கற்றனர்.

1989ஆம் ஆண்டு டிசம்பர் 6ஆம் திகதி இருபத்தாறாவது பருவத்தின் இறுதிப் பகுதி ஒளிபரப்பாயிற்று. அடுத்த பருவம் வரவேயில்லை. தொடர் முடிந்துவிட்டது என்னும் வெளிப்படையான அறிவித்தலுமின்றி அது மெல்ல மறக்கப்பட்டது. 1996ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்கக் கூட்டுறவுடன் தயாரிக்கப்பட்ட தொலைக்காட்சித் திரைப்படமொன்றில் போல் மக்கான் எட்டாவது டொக்டராகத் தோன்றினார். பிரித்தானியாவில் ஏறக்குறைய தொண்ணூறு இலட்சம் பேர் அதனைப் பார்த்தனர். ஆயின் அமெரிக்காவில் வரவேற்புப் போதாமையால் தொடர் பிறக்கவில்லை. ஒரேயொரு மாலை மட்டும் நடித்துவிட்டு மக்கான் மறைந்தார்.

இவ்விடைவெளியை முதலிற் பற்றிக்கொண்டது அச்சுலகமாகும். 1991ஆம் ஆண்டு முதல் வேர்ஜின் பதிப்பகம் ஏழாவது டொக்டரைத் தலைவராகக் கொண்ட புதிய நாவல்களை வெளியிட்டது. அவற்றுக்காக போல் கோர்னெல் படைத்த பாத்திரமே பேர்னிஸ் சமர்பீல்ட் என்னும் தொல்லியலாளர். வேர்ஜின் தன் உரிமத்தை இழந்த பின்னரும், டொக்டர் இல்லாமலே பேர்னிஸின் கதைகள் தொடர்ந்தன. ஹெய்க்-எலரியும் ரசலும் முன்னின்ற ‘பிக் பினிஷ்’ நிறுவனத்துக்கு இந்நிலை வாய்ப்பாயிற்று. ‘டொக்டர் ஹூ’வுக்கான உரிமம் முதலிற் கைகூடாமையால் அவர்கள் பேர்னிஸின் கதைகளை நாடகமாக்கி, 1998ஆம் ஆண்டு செப்ரெம்பரில் முதலாவதை லிசா பௌவர்மனின் குரலில் வெளியிட்டனர். அந்நாடகங்களின் தரமே பி.பி.சி.யின் கதவைத் திறந்தது. நிறுவனத்தின் பெயர், ஸ்ரீவன் மொபட் எழுதிய ‘பிறெஸ் காங்’ என்னும் இளைஞர் தொலைக்காட்சித் தொடரின் ஒரு பகுதியின் தலைப்பிலிருந்து பெறப்பட்டது. அதே மொபட் இக்கட்டுரையின் இறுதியில் மீண்டும் வருவார்.

1999ஆம் ஆண்டு யூலையில் ‘காலத்தின் மோகினிகள்’ என்று பொருள்படும் ‘த சைரன்ஸ் ஒவ் ரைம்’ வெளியாயிற்று. எழுதி நெறிப்படுத்தியவர் நிக்கொலஸ் பிறிக்ஸ். பீற்றர் டேவிசன், கொலின் பேக்கர், சில்வெஸ்ரர் மக்கோய் ஆகிய மூவரும் முதன் மூன்று பகுதிகளில் ஒருவர் பின் ஒருவராகவும், நான்காவதில் ஒருங்கேயும் தோன்றினர். நான்கு பகுதிகள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய இருபத்தைந்து நிமிடம், ஒவ்வொன்றின் முடிவிலும் ஓர் அபாயம், அதன்மேல் எழும் பழைய முகப்பிசை. தொலைக்காட்சியின் பழைய வடிவம் அப்படியே பேணப்பட்டது. விரைவில் மாதமொரு நாடகம் என்னும் ஒழுங்கு ஏற்பட்டது.

இந்நாடகங்களின் தயாரிப்பு முறை நுணுகி நோக்கற்பாலது. நான்கு பகுதி நாடகமொன்றைப் பெரும்பாலும் இரண்டு நாட்களிற் பதிந்து முடிப்பர். நடிகர் தனித்தனிக் கண்ணாடிக் கூண்டுகளில் நின்று, செவிக்கருவி வழியாக ஒருவரையொருவர் கேட்டு நடிப்பர். இவ்வாறு குரல்கள் ஒன்றோடொன்று கலவாது பதியப்படுவதால், குகையின் எதிரொலியையோ கப்பலின் இரைச்சலையோ பின்னர் ஒவ்வொரு குரலுக்கும் வேண்டியவாறு சேர்க்கலாம். இசையையும் ஓசைகளையும் கணினியில் அமைப்பவர் அதன்பின் பல நாட்கள் உழைப்பார். தொலைக்காட்சியில் அரண்மனையொன்றை எழுப்பப் பெரும் பணம் வேண்டும். ஒலியில் அதே அரண்மனைக்குக் காலடியோசையும் கதவொன்றின் முனகலும் போதும். ஏழை நிறுவனமொன்று செல்வந்த உலகங்களைப் படைக்க முடிந்தமைக்கு இதுவே பொருளாதார அடிப்படை. மற்றொரு நன்மையும் இருந்தது. முகத்தைப் போன்று குரல் விரைவில் மூப்பதில்லை. பதினைந்து ஆண்டுகளின் பின் டேவிசன் திரையில் மீண்டும் இளைஞராகத் தோன்றியிருக்க முடியாது. ஒலிவாங்கியின் முன் அது தடையாகவில்லை.

இதனால் மிகுந்த பயன் பெற்றவர் கொலின் பேக்கர் ஆவார். 1984ஆம் ஆண்டில் ஆறாவது டொக்டராக வந்த அவரது காலம் தொடரின் வரலாற்றிற் கசப்பானது. முரட்டுத்தனமான பாத்திரப் படைப்பு, பலவீனமான கதைகள், பி.பி.சி. நிருவாகத்தின் வெறுப்பு ஆகியன ஒருங்கு சேர்ந்தன. கண்ணைக் குத்தும் பல நிறத் துண்டுகளாலான மேலங்கியொன்றும் அவர்மேற் சுமத்தப்பட்டிருந்தது. 1986ஆம் ஆண்டில் அவர் நீக்கப்பட்டார்; நடிகர் ஒருவர் தம் விருப்பின்றி அவ்வேடத்தினின்று அகற்றப்பட்டமை அதுவே முதற்றடவை. தோல்வியின் பழியை நெடுங்காலம் அவரே சுமந்தார். ஒலிநாடகத்தில் மேலங்கி மறைந்தது. குரல் மட்டும் எஞ்சிற்று. அக்குரலிற் செருக்கோடு இரக்கமும், ஆரவாரத்தோடு தனிமையும் இருந்தமையைக் கேட்போர் முதன்முறையாக உணர்ந்தனர். ‘டொக்டர் ஹூ மகசீன்’ நடத்திய வாக்கெடுப்பொன்றில் ஒலிநாடக டொக்டர்களுட் சிறந்தவராக அவரே தெரிவு செய்யப்பட்டார். நீதிமன்றமெதுவும் வழங்காத நீதியொன்றைச் சின்னஞ்சிறு நிறுவனமொன்று வழங்கியமை இவ்வரலாற்றின் மனிதாயப் பக்கமாகும்.

அந்நீதியில் ஒரு பங்கு, 2000ஆம் ஆண்டில் வெளியான ‘த மேரியன் கொன்ஸ்பிறசி’ நாடகத்தில் அறிமுகமான புதிய துணைவருக்கும் உரியது. எவலின் ஸ்மைத் ஐம்பத்தைந்து வயதான பல்கலைக்கழக வரலாற்று விரிவுரையாளர். அவரைப் படைத்தவர் ஜக்குலின் றெயினர். குரலால் உயிர்ப்பித்தவர் மகி ஸ்ரேபிள்ஸ். தொலைக்காட்சியில் டொக்டரின் துணைவர் பெரும்பாலும் வியந்து கேள்வி கேட்கும் இளம்பெண்ணே. எவலினோ டொக்டரை இடைமறிப்பார், திருத்துவார், வேண்டுமிடத்துக் கண்டிப்பார். தம் வம்சாவழியே வரலாற்றினின்று அழிந்துகொண்டிருப்பதைக் கண்டு அவர் முதலாம் மேரி அரசியின் அவைக்குச் செல்கின்றார். நூலிற் படித்த அரசியையும் எதிரில் நிற்கும் அரசியையும் ஒருங்கு காணும் விரிவுரையாளரின் தடுமாற்றம், வரலாற்றுக் கல்வியைப் பற்றிய நல்ல விமர்சனமாகவும் அமைகின்றது. 2003ஆம் ஆண்டில் வந்த ‘டொக்டர் ஹூவும் கடற்கொள்ளையரும்’ நாடகத்தில் அதே எவலின், வாழ்வில் நம்பிக்கையிழந்த தம் மாணவி ஒருத்தியைத் தேடி இரவொன்றில் வந்து கதை சொல்லத் தொடங்குகின்றார். கதையில் நகைச்சுவையும், கில்பேட்-சலிவன் இசைநாடகங்களை நையாண்டி செய்யும் பாடல்களும் வருகின்றன. அவர் எதற்காகக் கதை சொல்கின்றார் என்பது மெல்ல மெல்லவே கேட்போர்க்குப் புலனாகின்றது. விரிவுரையாளர் என்போர் கவனத்திற் கொள்ளத்தக்க நாடகம் இது.

2001ஆம் ஆண்டு ஜனவரியிற் போல் மக்கான் வந்து சேர்ந்தமை புதிய கட்டமொன்றைத் தொடக்கி வைத்தது. ஏனைய மூவருக்கும் தொலைக்காட்சியில் தொடக்கமும் முடிவும் இருந்தன. மக்கானுக்கோ ஒரு மாலையைத் தவிர ஏதுமில்லை. எனவே அவரது வாழ்க்கை முழுவதையும் எழுத ஒலிநாடக ஆசிரியருக்கு உரிமை கிடைத்தது. அலன் பார்ன்ஸ் எழுதிய ‘ஸ்ரோம் வோர்னிங்’ ஆர்-101 என்னும் பிரித்தானிய வான்கப்பலில் நிகழ்கின்றது. அக்கப்பல் உண்மையானது, அன்றைய பிரித்தானிய இந்தியாவின் கராச்சி நகரை நோக்கிப் புறப்பட்டு 1930ஆம் ஆண்டு ஒக்ரோபர் 5ஆம் திகதி பிரான்சில் வீழ்ந்து எரிந்தது. அதிலிருந்த 54 பேரில் 48 பேர் மாண்டனர். பேரரசின் பெருமிதத்தைப் பறைசாற்றப் புறப்பட்ட கப்பலொன்று அப்பெருமிதத்தின் சிதையானமை பொருள் பொதிந்த தேர்வே. நாடகத்தில், மாறுவேடம் பூண்டு அக்கப்பலேறிய சார்லி பொலாட் என்னும் இளம்பெண்ணை டொக்டர் காப்பாற்றி விடுகின்றார். அவளோ வரலாற்றின்படி மாண்டிருக்க வேண்டியவள். ஓர் உயிரைக் காத்த அறம் வரலாற்றின் ஒழுங்கைக் குலைக்கின்றது. அடுத்து வந்த நாடகங்களினூடே இம்முரண் வளர்ந்து, 2002ஆம் ஆண்டின் ‘நெவர்லாண்ட்’ நாடகத்தில் உச்சம் பெறுகின்றது.

ஒலி என்னும் சாதனத்தின் எல்லையைத் தொட்ட இரு நாடகங்களைத் தனியே குறிப்பிடல் வேண்டும். முதலாவது மார்க் பிளற் 2002ஆம் ஆண்டில் எழுதிய ‘ஸ்பெயார் பார்ட்ஸ்’. உணர்ச்சியற்ற இயந்திர மனிதரான சைபர்மன்கள் தொலைக்காட்சியில் 1966ஆம் ஆண்டு முதலே தோன்றியவர்கள். அவர்கள் ஆதியில் எவ்வாறு உருவாயினர் என்பதை இந்நாடகம் காட்டுகின்றது. நிலத்தடி நகரமொன்று, 1950களின் இங்கிலாந்தை நினைவூட்டும் தொழிலாளர் குடும்பம், குறைந்துவரும் மக்கள்தொகை. வேலைக்கெனக் கொண்டு செல்லப்பட்ட மகள் யுவொன், பாதி இயந்திரமாக்கப்பட்ட நிலையில் வீடு திரும்புகின்றாள். அவ்வுருவைத் திரை காட்டியிருப்பின் அச்சமே விஞ்சியிருக்கும். ஒலியிற் கேட்பதோ இயந்திரக் குரலினுள் அகப்பட்டுக் கொண்ட ஒரு சிறுபெண்ணின் சொற்கள். பகைவரென முப்பத்தாறு ஆண்டுகளாக எண்ணப்பட்டோர் உண்மையிற் பலியானோரே என்பதை அக்கணம் உணர்த்துகின்றது. இரண்டாவது றொபேட் ஷேர்மன் 2003ஆம் ஆண்டில் எழுதிய ‘ஸ்கேற்சோ’. டொக்டரும் சார்லியும் காலமே இல்லாத வேறோர் அண்டத்தில் கண்ணாடிக் குழாய் போன்ற இடமொன்றிற் பார்வையிழந்து நடக்கின்றனர். நடிகர் இருவரே. ஒலியே உடலாகக் கொண்ட உயிரொன்று அவர்களின் பேச்சைக் கேட்டு மொழி கற்றுக்கொள்கின்றது. அவர்கள் அறிந்ததற்கு மேலாகக் கேட்பவர் எதனையும் அறியார். அவர்களும் கேட்பவரைப் போன்றே இருளிற் செவியை மட்டும் நம்பியுள்ளனர். இந்நாடகத்தைத் தொலைக்காட்சிக்கு மாற்றவே இயலாது. ஒலிநாடகம் திரைக்குப் பதிலீடு என்னும் கூற்றை மறுக்க இதுவொன்றே போதும்.

ஷேர்மனின் மற்றொரு நாடகம் வரலாற்றை நேரடியாகவே மாற்றியது. 2003ஆம் ஆண்டு ஜனவரியில் வெளியான ‘ஜூபிலி’யில், 1903ஆம் ஆண்டில் டாலெக்குகளை முறியடித்த ஆங்கிலப் பேரரசு தன் வெற்றியின் நூற்றாண்டைக் கொண்டாடுகின்றது. டாலெக்குகள் விளையாட்டுப் பொருள்களாகவும் கேலிப் படங்களாகவும் விலைபோகின்றன. இலண்டன் கோபுரச் சிறையில் இறுதி டாலெக் ஒன்று சித்திரவதைக்குள்ளாகித் தனித்திருக்கின்றது. கொடியவனைப் பொம்மையாக்கும் சமூகம் தானே கொடியதாகி விடுகின்றது என்னும் கருத்து, டாலெக் பொம்மைகளை உண்மையிலேயே வாங்கி வளர்ந்த தலைமுறையினர்க்குச் சொல்லப்பட்டமை துணிச்சலானது. 2005ஆம் ஆண்டு மார்ச் 26ஆம் திகதி ரசல் ரி. டேவிசின் தலைமையில் ‘டொக்டர் ஹூ’ தொலைக்காட்சிக்கு மீண்டது. அப்பருவத்தில் டாலெக்குகளை மீள அறிமுகஞ் செய்யும் பொறுப்பு ஷேர்மனிடம் ஒப்படைக்கப்பட்டது. அவரது ‘டாலெக்’ என்னும் பகுதி ‘ஜூபிலி’யின் கருவினின்று முளைத்ததேயாகும். அதிலும் பின்னரும் டாலெக்குகளுக்குக் குரல் கொடுத்தவர் பழைய ஒலிநாடாக்களின் நிக்கொலஸ் பிறிக்ஸ். 2006ஆம் ஆண்டில் சைபர்மன்கள் மீண்டபோது மார்க் பிளற்றுக்கு நன்றி கூறப்பட்டது. பத்தாவது டொக்டரான டேவிட் ரெனன்ட், 2001ஆம் ஆண்டிலேயே ‘கோல்டிற்ஸ்’ என்னும் ஒலிநாடகத்தில் நாசி அதிகாரியாக நடித்தவர். திரை மௌனித்திருந்த காலத்தில் ஒலிநாடகம் நாற்றுமேடையாக இருந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

2005ஆம் ஆண்டுக்குப் பின் பிக் பினிஷ் நாடகங்கள் பெருகின. போல் மக்கானின் நாடகங்கள் பி.பி.சி. ஏழாவது வானொலியிலேயே ஒலித்தன. நெடுநாள் மறுத்திருந்த ரொம் பேக்கர் 2012ஆம் ஆண்டில் இணைந்தார். 2009ஆம் ஆண்டு முதல், தொலைக்காட்சிக்கென எழுதப்பட்டுக் கைவிடப்பட்ட கதைகளும் ஒலியாயின. அவற்றுள் 1985ஆம் ஆண்டின் இடைநிறுத்தத்தினாற் பிறவாதுபோன கதைகளும் அடங்கும். 2015ஆம் ஆண்டில் கொலின் பேக்கரின் டொக்டருக்கு, தொலைக்காட்சி மறுத்த இறுதிக் கதையும் கிடைத்தது. ஜோன் ஹேட், ரெனன்ட், பின்னர் 2021ஆம் ஆண்டிற் கிறிஸ்ரோபர் எக்கிள்ஸ்ரன் என நடிகர் வரிசை நீண்டது. மாத வரிசை 275 நாடகங்களுடன் 2021ஆம் ஆண்டு மார்ச்சில் நிறைவுற்றது; அதன் பின்னர் ஒவ்வொரு டொக்டருக்கும் தனித்தனிப் பெட்டகங்களாகவே நாடகங்கள் வெளியாகின.

இப்பெருக்கத்தை வளர்ச்சி என்று மட்டும் கொள்வது பொருந்தாது. 1999ஆம் ஆண்டுக்கும் 2004ஆம் ஆண்டுக்குமிடையில் எழுதியோர்க்கு மேலே பார்த்து அஞ்சுதற்குத் தொலைக்காட்சித் தொடர் இருக்கவில்லை. தாமே கதையின் நிகழ்காலம் என்னும் எண்ணத்துடன் அவர்கள் எழுதினர். ‘ஸ்கேற்சோ’வும் ‘ஜூபிலி’யும் அத்துணிவின் விளைவுகள். திரையில் தொடர் மீண்ட பின்னர் ஒலிநாடகம் மையத்தினின்று ஓரத்துக்குப் பெயர்ந்தது. பழைய பகைவர், பழைய துணைவர், பழைய கதைகளின் இடுக்குகள் என்று நினைவின் வணிகமாக அது மாறிய தருணங்கள் பல. பின்னணியை முன்னரே அறிந்த இரசிகருக்கன்றிப் பிறருக்கு விளங்காத நாடகங்களும் பெருகின. சைபர்மன் ஒருவர் தோன்றியதாலேயே ஒரு நாடகம் சிறந்ததாகி விடாது.

இன்னொரு சிக்கல் மரணத்தினால் வந்தது. ரொம் பேக்கருடன் மீண்டும் நடிக்கவிருந்த எலிசபெத் சிலேடன் 2011ஆம் ஆண்டில், ஒலிப்பதிவுக்கு முன்னரே காலமானார். மேரி டாம் பதிவை முடித்து, நாடகங்கள் வெளிவருமுன் 2012ஆம் ஆண்டில் மறைந்தார்; 2013ஆம் ஆண்டில் அவற்றைக் கேட்டோர் இல்லாத ஒருவரின் குரலையே கேட்டனர். காலஞ்சென்ற முதன் மூன்று டொக்டர்களுக்கும் வேறு நடிகர் குரல் கொடுக்கலாயினர். பற்றிக் ட்றௌட்டனுடன் 1960களில் நடித்த பிரேசர் ஹைன்ஸ், தம் பாத்திரத்தையும் ட்றௌட்டனின் டொக்டரையும் ஒருவராகவே நடித்தார். நண்பரின் குரலை நினைவிலிருந்து மீட்கும் அம்முயற்சியிற் கனிவுண்டு. ஆயினும் குரலொற்றுமையையே அளவுகோலாகக் கொண்டு புதிய நாடகங்களைக் கட்டுவது கலையா, போலிசெய்தலா என்னும் ஐயம் தவிர்க்கவியலாதது. முகம் மாறினும் மனிதர் ஒருவரே என்னும் விதியைக் கண்ட தொடர், குரல் மாறக்கூடாதென அஞ்சுவது முரணாகவே தோன்றுகின்றது.

இறுதியாக, தொடக்கத்தில் எழுப்பிய வினா. ஒலிநாடகங்களின் நிகழ்வுகள் டொக்டரின் மெய்யான வாழ்க்கையைச் சேர்ந்தனவா? இரசிகர் இதுபற்றி ஆண்டுக்கணக்கில் வாதாடினர். எவை மூலத்துள் அடங்கும் என்பதற்குப் பி.பி.சி. ஒருபோதும் பட்டியலிட்டதில்லை. 2013ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் திகதி, தொடரின் ஐம்பதாம் ஆண்டு நிறைவையொட்டி ஏழு நிமிடமளவான குறும்பகுதியொன்று வெளியிடப்பட்டது. எழுதியவர் அன்று தொடரின் தலைமை எழுத்தாளராயிருந்த ஸ்ரீவன் மொபட். பதினேழு ஆண்டுகளின் பின் போல் மக்கான் டொக்டராகத் திரையில் தோன்றினார். மடிந்து வேறுருப் பெறுவதற்காகவே தோன்றினார். அதற்கு முந்திய கணத்தில், தம்முடன் பயணித்த துணைவரை அவர் பெயர் சொல்லி வணங்கினார்: சார்லி, க்றிஸ், லூசி, ரம்சின், மொலி. தொலைக்காட்சியை மட்டும் அறிந்தவர்க்கு அவ்வைந்து பெயர்களும் அந்நியமானவை. ஆர்-101 கப்பலில் மாண்டிருக்க வேண்டிய பெண்ணின் பெயர் அவற்றுள் முதலாவதாக ஒலித்ததைப் பன்னிரண்டு ஆண்டுகளாக அவளது குரலைக் கேட்டு வந்தவர்கள் உடனே அறிந்து கொண்டனர்.